ஒன்பது புள்ளி ஆறு

சான்றிதழில் அச்சடித்திருந்தது:
தூரம் இருபது கிலோமீட்டர்.
நேரம் இரண்டு மணி ஐந்து நிமிடம்.
சராசரி வேகம் மணிக்கு ஒன்பது புள்ளி ஆறு.
என் பெயரில் ஒரு கொம்பைக் காணோம்,
கோமளஸ்வரி என்றிருந்தது.
அதை விட்டுவிட்டேன்.
புள்ளி ஆறைத்தான் விட முடியவில்லை.

ஏறும்போது எட்டு,
இறங்கும்போது பன்னிரண்டு.
கூட்டினால் இருபது, பாதி பத்து.
இதற்கு விரல்கூட மடக்க வேண்டாம்.
அடிவாரத்துப் பந்தலில் கேசரித் தட்டோடு
சித்தேஸ்வரனும் அதையேதான் சொன்னான்:
"உன்கிட்ட புள்ளி நாலு அமுக்கிட்டாங்க."
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரன்,
மில்லிகிராமுக்குச் சண்டை போட்டுப் பழகியவன்.

நான் எடைமேடைக்காரி.
வெள்ளைக்கல் சுரங்கத்து வாசலில்
லாரி உள்ளே போகையில் ஓர் எடை,
வெளியே வருகையில் ஓர் எடை,
கழித்தால் கல்.
பதினோரு வருடத்தில் என்னைத் தாண்டி
எதுவும் காணாமல் போனதில்லை.

திங்கட்கிழமை, ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையில்
பழைய எடைச்சீட்டின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
மேலே பத்து கிலோமீட்டர், எழுபத்தைந்து நிமிடம்.
கீழே அதே பத்து, ஐம்பது.
தூரத்தைத்தான் மலை சமமாகப் பிரித்திருக்கிறது,
நேரத்தை அல்ல.
எட்டில் நான் குடியிருந்திருக்கிறேன்.
பன்னிரண்டில் சும்மா தலை காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.
குடியிருந்த வீட்டுக்குத்தானே வாடகை.

அந்த எழுபத்தைந்தைப் பிரித்தால்
அதற்குள்ளும் எட்டு இல்லை.
முதல் வளைவு வரை கூட்டத்தின் வேகம்.
மூன்றாம் வளைவில் ஏற்காட்டு பஸ் என்னை முந்த,
ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு பையன்
"நாங்க போய்ட்டே திரும்பிருவோம்" என்று கத்தினான்.
ஐந்தில் வெறும் நடை.
ஏழில், மூங்கில் புதரோரம்
கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்
மாதம்மாள், நெஞ்சில் நானூற்றுப் பதினெட்டு.
என் பிரிவுதான், நாற்பதுக்கு மேல்.
போன வருடம் பத்து விநாடியில் என்னைத் தோற்கடித்தவள்.
அவள் பாதத்தை என் வயிற்றில் ஊன்றி
விரல்களைப் பின்னுக்கு வளைத்துப் பிடித்தேன்.
மலையைத் திட்டினாள், ஷூ கம்பெனியைத் திட்டினாள்,
அழுத்தியதும் என்னையும்.
தடுப்புச்சுவரில் ஒரு குரங்கு
என் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பொறுமையாகப் பிரித்தது.
வேகம் பூஜ்யம்.
நேரம் மூன்று நிமிடமோ நாலோ,
நான் பார்க்கவில்லை, கடிகாரம் பார்த்தது.

ஈரக் கல்லில் தண்ணீர் போல
அந்தப் பூஜ்யம் எட்டுக்குள் இருக்கிறது.
எடையில் உண்டு, கண்ணுக்குத் தெரியாது.

இறக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.
முட்டி. காற்று.
கீழே சுண்ணாம்புக் கரட்டின் ஓரத்தில்
தீப்பெட்டி அளவுக்கு என் எடைமேடைக் கூரை.
கடைசிக் கிலோமீட்டரில் மாதம்மாள்
திரும்பிப் பாராமல் கட்டைவிரலை மட்டும் உயர்த்தி
என்னைத் தாண்டிப் போனாள்.
இந்த வருடம் இருபத்திரண்டு விநாடி.

ஒன்று மட்டும் பிறகு தோன்றியது.
லாரி ஏறினால் முள் தாவுவதில்லை,
நடுவில் உள்ள எல்லாக் கோட்டையும் தொட்டுத்தான் போகும்.
நின்ற கால் பன்னிரண்டுக்குப் போனதென்றால்
எங்கோ ஒரு கணம் நான்
சரியாக ஒன்பது புள்ளி ஆறாக இருந்திருக்க வேண்டும்.
உச்சியில் ஆரஞ்சுக் கூம்பைச் சுற்றித் திரும்பி
சரிவு காலைப் பிடித்து இழுத்த முதல் சில அடிகளிலா?
எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது,
ஒரு சிமிட்டல் நேரம்.
அதற்குத்தான் இந்தச் சான்றிதழ் போலிருக்கிறது.

போனில் சித்தேஸ்வரன்:
"அப்ப அந்தப் புள்ளி நாலு?"
யாரும் எடுக்கவில்லை என்றேன்.
அது ஒருபோதும் ஏற்றப்படாத சரக்கு.
நம்பவில்லை. வெள்ளிக்காரன்.

வெளியே ஆரன்.
எழுந்து போவதற்கு முன்
பேனாவை எடுத்து
என் பெயருக்கு அந்தக் கொம்பை மட்டும்
போட்டுக்கொண்டேன்.